பயிற்றுநர் மாறினால் ஆட்டம் மாறுமா?



பெரட்டுக் களமானாலும், பள்ளிக்கூடமானாலும், விளையாட்டுத் திடலானாலும், காரியம் கெட்டுப்போனால் நம்மிடையே முதலில் எழும் பேச்சு ஒன்றுதான். "இந்த ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்" என்போம். மண்டோரை மாற்ற வேண்டும், தலைமையாசிரியரை மாற்ற வேண்டும், கோவில் தலைவரை மாற்ற வேண்டும் என்று பேசுவோம். சில வேளைகளில் மாற்றமும் வந்துவிடுகிறது. ஆனால் ஆள் மாறிய பிறகு காரியம் மாறுகிறதா? மாறினால் எதனால் மாறுகிறது? மாறாவிட்டால் எதனால் மாறவில்லை? இதைத்தான் இன்று நாம் சற்று நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

இதற்கு நல்ல உதாரணமாக நமக்கு வாய்த்திருப்பது சிங்கப்பூர்த் தேசியக் காற்பந்துக் குழு. காற்பந்து நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமான விளையாட்டு அன்று. கித்தாக் காட்டுக்கு நடுவே கொஞ்சம் சமதரை கிடைத்தால் இரண்டு கம்பை நட்டு மாலைதோறும் ஆடியவர்கள் நம்மவர்கள். சிங்கப்பூர்க் குழுவும் நமக்கு அந்நியம் அன்று. மலேசியக் கிண்ண ஆட்டங்களை வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தக் குழுவில் நம் இனத்தைச் சேர்ந்தவர்கள் ஆடியிருக்கிறார்கள். அந்தக் குழுவைப் பயிற்றுவித்தும் இருக்கிறார்கள்.

முதலில், பயிற்றுநர் என்பவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்துகொள்வோம். அவர் பந்தை உதைப்பதில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டால் கோட்டுக்கு வெளியே நிற்பவர் அவர். அவருடைய வேலையில் பெரும்பகுதி ஆட்டத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. யாரை எடுப்பது, யாரை விடுவது, யாரை எந்த இடத்தில் நிறுத்துவது, எதிரி எந்தப் பக்கம் பலமானவன், நம்மவர் எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்கித் தற்காப்பது என்பவற்றை அவர் முடிவு செய்கிறார். அவற்றைத் திரும்பத் திரும்பப் பழக்கி, ஆட்டக்காரர் யோசிக்காமலே செய்யும் அளவுக்குக் கொண்டுவருகிறார். புதிதாக உளி பிடித்தவர் ஒவ்வொரு வெட்டையும் யோசித்து யோசித்து வெட்டுகிறார். பத்து ஆண்டு பால் வெட்டியவருக்கோ இருட்டிலும் கை தானே சரியான ஆழத்தில் போய் நிற்கிறது. ஆட்டத்திலும் அந்தப் பழக்கம் வர நாளாகும்.

ஒரு மன்றத்தின் பயிற்றுநருக்கு இது ஓரளவு எளிது. அவர் தம் ஆட்டக்காரரை வாரம் முழுவதும் பார்க்கிறார். தேசியக் குழுவின் பயிற்றுநருக்கோ அந்த வசதி இல்லை. ஆட்டக்காரர்கள் வெவ்வேறு மன்றங்களுக்கு ஆடுகிறவர்கள். அனைத்துலக ஆட்டம் வரும்போது மட்டும் சில நாள்களுக்கு ஒன்றுகூடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் கலைந்துவிடுவார்கள். வீட்டுச் சமையலுக்கும் கல்யாண வீட்டுச் சமையலுக்கும் உள்ள வித்தியாசம் இது. கல்யாணச் சமையலுக்கு ஆளுக்கொரு வீட்டிலிருந்து கை உதவிக்கு வருவார்கள். ஒருவர் கை ஒருவருக்குப் பழகுவதற்குள் பந்தி முடிந்துவிடும். அப்படிப்பட்ட அடுப்படியில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் தலைமைச் சமையற்காரரை மாற்றினால் என்ன ஆகும் என்பதைத் தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனி சிங்கப்பூருக்குப் போவோம். சிராங்கூன் சாலையில் தேக்கா சந்தையிலிருந்து வீரமாகாளியம்மன் கோவிலைத் தாண்டி, ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவில் பக்கம் நடந்தால், அருகிலேயே ஃபேரர் பார்க் திடல் வருகிறது. முற்காலத்தில் அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. 1933இல் பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் அங்கே தங்கிவிட்டது. பிறகு அந்தத் திடல் காற்பந்துப் பிள்ளைகளின் நாற்றங்காலாயிற்று. அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் இருப்பது 1929இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் அரங்கம். 1973இல் காலாங்கில் தேசிய அரங்கம் திறக்கப்படும் வரை சிங்கப்பூரின் பெரிய ஆட்டங்கள் ஜாலான் புசாரில்தான் நடந்தன. ஆக, நம்மவர்கள் மளிகைக்கடை, பூக்கடை, நகைக்கடை என்று நடமாடும் இடத்துக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூர்க் காற்பந்தும் வளர்ந்தது.

காலாங் அரங்கத்தில் பல்லாயிரம் பேர் கூடி எழுப்பிய ஆரவாரத்தைக் 'காலாங் முழக்கம்' என்றே சொல்வார்கள். அந்த முழக்கம் உச்சத்தில் இருந்த ஆண்டு 1977. அதற்கு முந்திய 1975, 1976 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம் வரை வந்து சிலாங்கூரிடம் தோற்ற குழு அது. 1977இல் அதை வழிநடத்தியவர் சூ செங் குவீ. எல்லாரும் அவரை 'அங்கிள் சூ' என்றுதான் அழைத்தார்கள். கண்டிப்பானவர், கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு திடலில் இறங்கி நிற்கிறவர். குழுத் தலைவர் சமத் அல்லாபிச்சை. பந்தை வளைத்து உதைப்பதில் பேர் பெற்ற ராஜகோபாலும் அந்தக் காலத்துக் குழுவில் இருந்தார்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், சொந்த அரங்கத்திலேயே சிங்கப்பூர் ஹாங்காங்கிடம் 0-1 என்று தோற்றது. ஊரே சோர்ந்துபோன நாள் அது. ஆனால் அதற்காக அங்கிள் சூவை மாற்றிவிடவில்லை. இரண்டரை மாதம் கழித்து, மே 28ஆம் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம். எதிரே பினாங்கு. கூடுதல் நேரம் வரை நீண்ட அந்த ஆட்டத்தில் குவா கிம் சோங் போட்ட கோலால் சிங்கப்பூர் 3-2 என்று வென்றது. 12 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணம் ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து போயிற்று. மார்ச் தோல்வியோடு பயிற்றுநரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் மே வெற்றி வந்திருக்குமா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு தோல்வி, பயிற்றுநரின் தகுதிக்கு முடிவான சான்று ஆகாது என்பதை மட்டும் நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து 1993, 1994 ஆகிய ஆண்டுகளைப் பார்ப்போம். 1993இல் மலேசிய லீக்கின் இரண்டாம் பிரிவில் கிடந்தது சிங்கப்பூர்க் குழு. அந்த நிலையில் அதன் பயிற்றுநராக இருந்தவர் சிவாஜி. அதே ஆண்டில் குழு மீண்டும் மேல்பிரிவுக்கு ஏறியது. மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்துக்கும் வந்து, கெடாவிடம் 0-2 என்று தோற்றது. 1994இல் கிண்ணத்துக்கான குழுவை நடத்தியவர் டக்ளஸ் மூர். அந்த ஆண்டு லீக் பட்டம், மலேசியக் கிண்ணம் இரண்டையும் சிங்கப்பூர் வென்றது. டிசம்பர் 17ஆம் நாள் ஷா ஆலாம் அரங்கத்தில் பகாங்கை 4-0 என்று தோற்கடித்தார்கள். அப்பாஸ் சாத் மூன்று கோல். குழுத் தலைவர் ஃபாண்டி அகமது ஒரு கோல்.

கிண்ணத்தைத் தூக்கிய ஆண்டுக்குரிய பெயர் மூரின் பெயர். அதில் தவறில்லை. ஆனால் பால்மரம் வளர்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கன்று நட்டு ஐந்தாறு ஆண்டு காத்திருந்தால்தான் முதல் உளி வைக்க முடியும். நட்டவர் ஒருவர், வெட்டுகிறவர் மற்றொருவராக இருக்கலாம். மங்கில் பால் நிறையும்போது வெட்டுகிறவரை மட்டுமே பார்த்தால், நட்டவரை மறந்தவர்கள் ஆவோம். கீழ்ப்பிரிவிலிருந்து குழுவைத் தூக்கி நிறுத்திய சிவாஜியின் உழைப்பும் 1994ஆம் ஆண்டின் வெற்றிக்குள் இருக்கிறது.

நட்டவருக்கும் வெட்டுகிறவருக்கும் உள்ள இந்த உறவு மறுபக்கமாகவும் வேலை செய்யும். ஆண்டின் முற்பகுதியில் பால்மரம் இலை உதிர்க்கிறது அல்லவா? அந்த வாரங்களில் பால் குறையும். யார் வெட்டினாலும் குறையும். அந்த நேரத்தில், பால் குறைந்ததற்காக ஒரு மண்டோரை மாற்றிவிட்டுப் புதியவரைப் போட்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் கழித்துப் புதுத் தளிர் முற்றி இலை பச்சையானதும் பால் ஏறும். "பார்த்தீர்களா, புது மண்டோர் வந்தார், பால் கூடியது" என்று பேசிக்கொள்வார்கள். உண்மையில் மரம் தன் பருவப்படி நடந்துகொண்டது. பழையவர் இருந்திருந்தாலும் கூடியிருக்கும்.

விளையாட்டிலும் இதே மயக்கம் உண்டு. பயிற்றுநரை எப்போது மாற்றுகிறார்கள்? குழு மிகவும் கீழே கிடக்கும்போதுதான். அடிமட்டத்துக்கு வந்த குழு அதற்கு மேலும் இறங்குவது அரிது. பெரும்பாலும் கொஞ்சமாவது ஏறத்தான் செய்யும். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துகள் உள்ளே போகும். காயம்பட்டவர்கள் குணமாகித் திரும்புவார்கள். அந்த ஏற்றத்தில் எவ்வளவு புதியவரின் திறமை, எவ்வளவு காலத்தின் போக்கு என்று பிரித்துப் பார்க்காமல் முழுப் புகழையும் ஒருவருக்கே கொடுத்துவிடுகிறோம். முன்னவருக்கோ முழுப் பழியையும் சுமத்திவிடுகிறோம்.

இந்தப் பழி எப்படிப்பட்டது என்பதற்குச் சுந்தரமூர்த்தியின் கதை ஒரு பாடம். ஆட்டக்காரராக அவர் எப்படிப்பட்டவர் என்று பெரியவர்களைக் கேளுங்கள். 1993இல் புருணைக்கு எதிராக, முதுகு தரையைப் பார்க்க அந்தரத்தில் எழும்பி, தலைக்கு மேலாகப் பந்தை உதைத்துக் கோல் போட்டாரே, அதை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கெடாவுக்கும் ஆடியவர், சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவிலும் இடம் பெற்றவர். பயிற்றுநராக ஆன பிறகு, மலேசியப் போட்டிகளில் ஆடிய சிங்கப்பூரின் 'லயன்ஸ் டுவெல்வ்' குழுவை 2013ஆம் ஆண்டின் மலேசிய சூப்பர் லீக் வெற்றியாளராக்கினார். அடுத்த ஆண்டு அந்தக் குழுவின் பொறுப்பு ஃபாண்டி அகமதுவிடம் போயிற்று. ஃபாண்டியின் குழு 2015இல் மலேசிய எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது.

2016 மே மாதம், ஜெர்மானியரான பெர்ண்ட் ஸ்டாங்கேக்கு அடுத்தபடியாகத் தேசியக் குழு சுந்தரமூர்த்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணப் போட்டி அந்த ஆண்டு நவம்பரில். ஆறு மாதந்தான் இடைவெளி. அந்தப் போட்டியில் சிங்கப்பூர் முதற்சுற்றோடு வெளியேறியது. அடுத்து வந்த ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஓர் ஆட்டத்தையும் வெல்ல முடியவில்லை. 2018 ஏப்ரலில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு அவர் விலகினார். மே மாத இறுதியில் ஃபாண்டி அகமது தற்காலிகப் பயிற்றுநரானார். அந்த ஆண்டின் சுசுகி கிண்ணமும் நவம்பரில்தான். மீண்டும் அதே ஆறு மாத இடைவெளி.

நாடே நேசித்த மனிதர் ஃபாண்டி. அவர் வந்ததும் அரங்கத்தில் உற்சாகம் பிறந்தது. முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவை 1-0 என்று சிங்கப்பூர் வென்றது. திமோர் லெஸ்டேயை 6-1 என்று வீழ்த்தியது. ஆனால் பிலிப்பீன்சிடம் 0-1 என்றும், தாய்லாந்திடம் 0-3 என்றும் தோற்றது. அரையிறுதிக்குப் போக முடியவில்லை. ஆட்டத்தில் தெம்பு கூடியது உண்மை. ஆயினும் முடிவு இரண்டு முறையும் முதற்சுற்றோடு வெளியேற்றந்தான்.

2013இல் வெற்றியாளராக இருந்த சுந்தரமூர்த்தி 2018இல் ஒன்றும் தெரியாதவராகிவிட்டாரா? அப்படியிருக்க முடியாதல்லவா? ஆளும் அறிவும் அவைதாம்; சூழ்நிலைதான் வேறு. லயன்ஸ் டுவெல்வ் ஒரு மன்றம் போல நாள்தோறும் கூடிப் பயின்ற குழு. தேசியக் குழு அவ்வப்போது கூடியது. மேலும், சிங்கப்பூர் மக்கள்தொகையில் சிறிய நாடு. 18 வயதளவில் இளைஞர்கள் இரண்டு ஆண்டு முழுநேரத் தேசிய சேவைக்குப் போக வேண்டும். ஓர் ஆட்டக்காரர் முற்றிப் பழுக்கும் வயது அது. படிப்பை விட்டுவிட்டு விளையாட்டை நம்பலாமா என்ற அச்சம் பெற்றோருக்கு உண்டு. இவற்றில் எதையும் ஒரு பயிற்றுநரை மாற்றித் தீர்த்துவிட முடியாது. அடித்தூர் அரித்துக்கிடக்கும் மரத்தில் உளிக்காரரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

அப்படியானால் மாற்றமே கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. 2025ஆம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள்.

2027 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூர், இந்தியா, ஹாங்காங், வங்காளதேசம் ஆகிய நான்கும் ஒரே பிரிவில் இருந்தன. முதல் இடம் பெறும் ஒரு குழு மட்டுமே சவூதி அரேபியாவில் நடக்கும் போட்டிக்குப் போக முடியும். சிங்கப்பூரின் பயிற்றுநர் ஜப்பானியரான சுதோமு ஒகுரா. மார்ச்சில் ஹாங்காங்கோடு 0-0 என்று சமநிலை. ஜூனில் டாக்காவுக்குப் போய் வங்காளதேசத்தை 2-1 என்று வென்றார்கள். இரண்டு ஆட்டத்தில் நான்கு புள்ளிகள். அந்த நிலையில், ஜூன் மாத இறுதியில், சொந்தக் காரணங்களுக்காக ஒகுரா விலகிவிட்டார். அவருடைய துணைப் பயிற்றுநர்களில் ஒருவரான கேவின் லீ தற்காலிகப் பொறுப்பேற்றார். வயது முப்பத்தைந்தைக்கூடத் தொடாதவர்.

வேடிக்கை என்னவென்றால், அதே நேரத்தில் இந்தியக் குழுவிலும் மாற்றம் நடந்தது. ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கெஸ் ஜூலையில் விலகினார். ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். அவருக்குத் தொடக்கம் நன்றாகவே இருந்தது. மத்திய ஆசிய நாடுகளின் போட்டி ஒன்றில் இந்தியா மூன்றாம் இடம் பெற்றது. ஆனால் ஆசியக் கிண்ணப் பிரிவில், முந்திய இரண்டு ஆட்டங்களில் இந்தியா சேர்த்து வைத்திருந்தது ஒரே ஒரு புள்ளி. கேவின் லீக்கு வந்த முதல் நான்கு. காலித் ஜமீலுக்கு வந்த முதல் ஒன்று. இரண்டு பேரும் புதியவர்கள்தாம். ஒருவர் கையிருப்போடு கடையைத் திறந்தார். மற்றவர் கடனோடு திறந்தார்.

அக்டோபர் 9ஆம் நாள் காலாங்கில் இரு குழுக்களும் மோதின. சிங்கப்பூர் முன்னிலையில் இருந்தது. இந்தியா ஓர் ஆட்டக்காரரை இழந்து பத்துப் பேரோடு ஆடியும், கடைசி நேரத்தில் கோல் போட்டு 1-1 என்று சமன் செய்தது. ஐந்து நாள் கழித்துக் கோவாவில் மறு ஆட்டம். முதல் கோல் இந்தியாவுக்கு. பிறகு கொரியாவில் பிறந்து சிங்கப்பூர்க் குடிமகனான சோங் உய்யோங் இரண்டு கோல் போட, சிங்கப்பூர் 2-1 என்று வென்றது. நவம்பர் 18ஆம் நாள் ஹாங்காங்கில் நடந்த ஆட்டத்தில் முதல் கோல் ஹாங்காங்குக்கு. இரண்டாம் பாதியில் ஷவால் அனுவாரும், ஃபாண்டியின் மகன் இல்ஹானும் சில நிமிட இடைவெளியில் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். சிங்கப்பூர் 2-1 என்று வென்று தகுதி பெற்றது. 1984இல் போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் ஆசியக் கிண்ணத்தில் ஆடியிருக்கிறது சிங்கப்பூர். ஆடி வென்று தகுதி பெற்றது இதுவே முதல் முறை. 1977இல் கண்ணீர் வரவழைத்த அதே ஹாங்காங்கை 48 ஆண்டு கழித்து வென்று அது நிறைவேறியது.

இந்த மாற்றம் ஏன் பலித்தது? மூன்று காரணங்களை நாம் காணலாம். முதலாவது, புதியவர் உள்ளேயிருந்தே வந்தவர். ஆட்டக்காரர்களின் பலமும் பலவீனமும் அவருக்கு முன்பே தெரியும். அவர்களுக்கும் அவரைத் தெரியும். இரண்டாவது, அடுத்த தகுதி ஆட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. மூன்றாவது, முன்னவர் விட்டுப்போனதை அவர் அழித்து எழுதவில்லை. அதன் மேல் கட்டினார். ஒகுரா சேர்த்த நான்கு புள்ளிகள் இல்லாமல் நவம்பர் வெற்றி அத்தனை பெரிதாக இருந்திருக்காது.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. ரக்பி என்றொரு ஆட்டம் உண்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, பக்கத்துக்கு 15 பேராக முட்டி மோதி ஆடுவது. அதன் உலகக் கிண்ணம் 2023 செப்டம்பரில் பிரான்சில் தொடங்கியது. அதற்கு ஒன்பது மாதத்துக்கு முன், 2022 டிசம்பரில், இங்கிலாந்து எடி ஜோன்சை நீக்கி ஸ்டீவ் போர்த்விக்கை அமர்த்தியது. வேல்ஸ் வேய்ன் பிவாக்கை நீக்கி, முன்பு பல ஆண்டு பயிற்றுநராக இருந்த வாரன் கேட்லண்டை மீண்டும் அழைத்தது. 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியா டேவ் ரென்னியை நீக்கியது. யாரை அமர்த்தியது தெரியுமா? இங்கிலாந்து நீக்கிய அதே எடி ஜோன்சை.

மூன்று நாடும் ஒரே காலத்தில் செய்த ஒரே காரியம். விளைவு மூன்று விதம். இங்கிலாந்து அரையிறுதிக்குப் போய், தென்னாப்பிரிக்காவிடம் ஒரே புள்ளியில், 15-16 என்று தோற்று, இறுதியில் மூன்றாம் இடம் பெற்றது. வேல்ஸ் தன் பிரிவில் எல்லா ஆட்டத்தையும் வென்று, காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஆஸ்திரேலியாவோ ஃபிஜியிடம் தோற்றது, வேல்சிடம் 6-40 என்று தோற்றது. உலகக் கிண்ண வரலாற்றில் முதன்முறையாகப் பிரிவுச் சுற்றோடு வீடு திரும்பியது. ஆண்டு முடிவதற்குள் ஜோன்சும் விலகினார். மாற்றம் தானாக நன்மையும் செய்வதில்லை, தானாகத் தீமையும் செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பொறுமையின் பலனுக்கும் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. 2003 முதல் 2012 வரை ஏறத்தாழப் பத்து ஆண்டு தேசியக் குழுவை நடத்தியவர் செர்பியரான ராடோய்கோ அவ்ராமோவிச். தென்கிழக்காசியக் கிண்ணத்தை மூன்று முறை வென்று கொடுத்தவர். இடையே 2010இல் அவருடைய குழு முதற்சுற்றோடு வெளியேறியது. கடும் விமர்சனம் எழுந்தது. ஆயினும் அவர் நீடித்தார். 2012இல் கிண்ணம் மீண்டும் வந்தது.

ஆகவே, அன்பான நேயர்களே, ஒருவரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழும்போது நாம் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. கெட்டுப்போனதற்குக் காரணம் அந்த ஆளா, அவரைச் சுற்றியுள்ள நிலைமையா? புதியவருக்குப் பழகிக்கொள்ளக் காலம் இருக்கிறதா? வருகிறவர் இடத்தையும் ஆள்களையும் அறிந்தவரா? போகிறவர் செய்துவைத்த நல்ல வேலையைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? இந்த நான்குக்கும் விடை கண்ட பிறகு மாற்றினால் அது சீர்திருத்தம். விடை காணாமல் மாற்றினால் அது ஆத்திரம்.

இது நம் வீட்டுக்கு எவ்வளவு அருகில் உள்ள செய்தி என்பதையும் பாருங்கள். நம் தோட்டப் பள்ளிகளில் ஆண்டு நடுவில் ஆசிரியர் மாற்றலாகிப் போவது புதிதல்ல. தேர்வு நெருங்கும் நேரத்தில் பிள்ளை வந்து, "எங்கள் வாத்தியார் போய்விட்டார்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் பெற்றோர் சொல்லும் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. "இனி உன் படிப்பு அவ்வளவுதான்" என்றால் பிள்ளை அன்றே புத்தகத்தை மூடிவிடும். "வருகிறவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்" என்றால் தன் பங்கைச் செய்ய மறந்துவிடும். "பழைய வாத்தியார் கொடுத்த நோட்டை எடுத்து வை, புது வாத்தியாரிடம் காட்டு, எதுவரை படித்தாய், எது புரியவில்லை என்று நீயே சொல்" என்று சொல்லுங்கள். ஒகுரா விட்ட இடத்திலிருந்து கேவின் லீ தொடர்ந்தது போல, விட்ட இடத்திலிருந்து வகுப்பும் தொடரும். தாய் தந்தையரில் ஒருவர் முதல் வாரத்திலேயே பள்ளிக்கு வந்து புதிய ஆசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுந்தரமூர்த்தி போன்றவர்கள் தோற்கும்போது, "நம்ம ஆள்களே இப்படித்தான்" என்று வீட்டில் ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் பந்தோடு விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நம்மில் ஒருவர் மேலே போய் விழுந்தால் இதுதான் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. பிறகு மேலே போகவே அஞ்சுகிறது. நாட்டின் குழுவை நடத்தும் இடத்துக்கு ஒருவர் எப்படி வந்தார், எத்தனை ஆண்டு உழைத்தார், எதில் வென்றார், எதில் தோற்றார் என்று முழுக் கதையையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். தோல்வியை மறைக்க வேண்டாம். அதை மட்டுமே சொல்லவும் வேண்டாம்.

பயிற்றுநர் மாறுவார், மண்டோர் மாறுவார், ஆசிரியரும் மாறுவார். ஆடுகிறவர்கள் தங்கள் பயிற்சியை விடாமல் இருந்தால்தான் எந்த மாற்றமும் பலன் தரும். நாளைக் காலை பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்கு இந்த ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள்.